பலகையை மிதிக்கும் படம்

கால் மட்டும் இல்லை. இந்தப் படத்தில் வடிவு பலகைக்கு ஒரு முழம் முன்னால் இருக்கிறாள், மிதிக்க வேண்டிய இடது கால் இன்னும் தரையைத் தொடவில்லை. அடுத்த படத்தில் அவள் அந்தரத்தில், இரண்டு கையும் மேலே, பலகை பின்னால் போய்விட்டது. நடுவில் மிதித்திருப்பாள்தானே, மிதிக்காமல் எப்படிப் பறப்பாள், அந்த மிதிதான் எனக்கு வேண்டும், அது மட்டும் இல்லை. பின்னால் தள்ளிப் பார்க்கிறேன், முன்னால் தள்ளிப் பார்க்கிறேன், எடுக்காத படம் தேடினால் வந்துவிடுமா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேமரா பிடிக்கிறேன், சங்கரன்கோவிலில் கோமதியின் கைக்குத் தப்பின முகம் கிடையாது என்று என் வீட்டுக்காரர் ஸ்டூடியோவுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார், பெற்ற பிள்ளையின் கால் தப்பிவிட்டது. நீளம் தாண்டுதலில் ஆளுக்கு மூன்று வாய்ப்பு. முதல் தாண்டலுக்குச் சிவப்புக் கொடி, இரண்டாவதுக்கும் சிவப்புக் கொடி. பலகையின் விளிம்புக்கு வெளியே மிதித்துவிட்டாளாம், அது கணக்கில் வராதாம். மூன்றாவதும் சிவப்பென்றால் பையை எடுத்துக்கொண்டு தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு நடக்க வேண்டியதுதான். வெள்ளைக் கொடி வந்து முதல் எட்டுப் பேருக்குள் நின்றால் இன்னும் மூன்று வாய்ப்பு உண்டு, அதில் மாநிலப் போட்டிக்குப் போக வழி உண்டு. இரண்டாவது சிவப்பு விழுந்ததும் வடிவு கயிற்றோரம் வந்து நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை, அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். “நான் பலகையிலதான் மிதிச்சேன்மா. காலுக்குத் தெரியும். நீ போட்டோ எடுத்தல்லா, பாத்துச் சொல்லு. வெளிய மிதிச்சிருந்தா ஓடுத எடத்தப் பின்னால தள்ளிப் போடுதேன். இல்லன்னா தள்ளமாட்டேன்” என்றாள். என் பதிலுக்குக் காத்திராமல் போய் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய முறை கடைசி, அதற்குள் மற்ற பிள்ளைகள் தாண்டி முடிக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு இருக்கிற நேரம்.

தள்ளிப் போட்டால் என்ன, ஒரு ஷூ அளவு தள்ளிப் போடு, காற்று இப்படி முதுகில் தள்ளுகிறதே, ஒவ்வொரு எட்டும் நீளமாக விழாதா என்று எனக்கே தோன்றுகிறது. குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டால் இந்தப் பக்கம் காற்று சும்மா விடாது. ஓடுகிற பிள்ளைகளின் சடை அவர்களுக்கு முன்னால் போகிறது. ஆனால் செல்லப்பா சார், அவள் பி.டி. வாத்தியார், போட்டி அன்றைக்கு ஓட்டம் தொடங்குகிற அடையாளத்தில் கை வைக்கக் கூடாது, பழகின இடத்தை நம்பு என்று சொல்லிச் சொல்லி ஊட்டி வைத்திருக்கிறார். அவரைக் கேட்கலாமென்றால் மைதானத்தின் அந்தக் கோடியில் குண்டு எறிகிற பிள்ளையோடு நிற்கிறார், போனை எடுக்கவில்லை. நான் சொன்னால் வடிவு கேட்பாளா. நான் சொன்னால் தோசையைக்கூட ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவாள். காற்றென்று சொன்னால் கேட்கமாட்டாள், படத்தைக் காட்டினால் கேட்பாள், அவ்வளவு தூரம் அவள் என் பிள்ளை. முதல் தாண்டலின்போதாவது இந்தப் பக்கவாட்டில் வந்து நின்றிருக்க வேண்டும். மணல் குழிக்கு எதிரே போய் நின்றேன், முகம் நன்றாக வரும் என்று. முகம் நன்றாகத்தான் வந்திருக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு, தலைமுடியில் வெளிச்சம் பட்டு, பிரேம் போட்டு மாட்டலாம். காலைத்தான் காணோம்.

கேமரா இழுக்கிறது, அதுதான் விஷயம். விரலை அமுக்கிப் பிடித்தால் தடதடவென்று எடுத்துக்கொண்டே போக வேண்டியது, முதலில் ஏழெட்டுப் படம் ஏதோ ஒரு வேகத்தில் எடுக்கிறது, பிறகு மேட்டில் ஏறுகிற டவுன் பஸ் மாதிரி டக்... டக்... என்று திணறுகிறது. இதை நான் இதுவரை கவனித்ததே இல்லை, கல்யாண வீட்டில் யார் ஓடுகிறார்கள். மாப்பிள்ளை தாலியைக் கழுத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார், கெட்டிமேளம் காதைக் கிழிக்கும், ஐயர் அவசரப்படுவார், நான் தலையாட்டின பிறகுதான் முடிச்சு. ஊரே எனக்காக நிற்கும். இங்கே எனக்காக யாரும் நிற்கப்போவதில்லை. இவருக்குப் போன் போட்டேன். புளியங்குடியில் ஒரு காதுகுத்து வீட்டில் நிற்கிறார், பின்னால் நாயனச் சத்தம், குழந்தை அழுகிற சத்தம். கேமரா இழுக்கிறது என்றேன். பேட்டரியைப் பார், ஷட்டர் என்ன வைத்திருக்கிறாய் பார் என்றார், அப்புறம் இரண்டாவது கார்டில் மட்டும் கை வைக்காதே, நேற்றைய கல்யாணம் அதில்தான் பத்திரமாக இருக்கிறது என்றார். பிள்ளை என்ன ஆனாள் என்று கடைசியில்தான் கேட்டார். இன்னும் ஒன்று பாக்கி என்றேன். “சரி, முடிச்சிட்டு வாங்க” என்றார். சாதாரணமாகச் சொன்னதுதான், வேலையை முடித்துவிட்டு வா என்று தினமும் சொல்கிற மாதிரிதான். ஆனால் போன வாரம் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் சொன்னது வேறு. மாநிலத்துக்குத் தேர்வானால் ஓடட்டும், இல்லையென்றால் இந்த வருடத்தோடு போதும், மைதானம் மைதானம் என்று வெயிலில் காய்ந்தது போதும் என்றார். வடிவு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். நான் ரசத்தை ஊற்றினேன். முடிச்சிட்டு வாங்க. அந்த வார்த்தை காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

பேட்டரியை மாற்றினேன். தளர்ந்த பேட்டரியென்றால் கேமராவும் தளர்ந்துதான் ஓடும், நமக்குப் பசித்தால் நடப்போமே அப்படி. பச்சைச் சட்டைப் பிள்ளை ஓடி வந்தது, அமுக்கினேன், இப்பவும் டக்... டக். பேட்டரி இல்லை. ஷட்டரைப் பார்த்தேன், மண்டபத்தில் பிளாஷுக்கு வைத்த மெதுவான வேகத்திலேயே கிடக்கிறது. நேற்று இரவு வரவேற்பு முடிந்து அப்படியே பையில் போட்டு அப்படியே பஸ் ஏறியிருக்கிறேன், கேமரா இன்னும் கல்யாண வீட்டிலேயே இருக்கிறது. வேகத்தை ஏற்றினேன். மேகம் மூடிக்கிடக்கிறது, படம் இருட்டும், அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓவையும் ஏற்றினேன். அடுத்த பிள்ளைக்குக் கால் கலங்காமல் தெளிவாக விழுந்தது, ஆனால் பலகையில் இல்லை, பலகைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அப்போதுதான் அந்த விளக்குச் சமாச்சாரம் ஞாபகம் வந்தது. மண்டபத்து சீரியல் விளக்கு நம் கண்ணுக்குத் தெரியாமல் மினுங்கிக்கொண்டே இருக்கும், ஒரு படம் மஞ்சள், ஒரு படம் கறுப்பு என்று வரும், அதற்காக விளக்கு நன்றாக எரிகிற நேரம் பார்த்து எடுக்கும்படி கேமராவுக்குச் சொல்லிவைத்திருக்கிறோம். இங்கே மேலே இருப்பது சூரியன். இல்லாத விளக்குக்காக இது ஒவ்வொரு படத்துக்கும் காத்துக்கொண்டு நிற்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, பக்கத்தில் நின்ற அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதை அணைத்தேன். சத்தமே மாறிவிட்டது, அப்பாடா என்றிருந்தது, ஆனால் ஏழெட்டுப் படத்துக்குப் பிறகு மறுபடி அதே திணறல்.

அந்தத் திணறல் வேறு நோய். எடுக்கிற வேகம் வந்துவிட்டது, எடுத்ததை இறக்கிவைக்க இடமில்லை. என்னென்ன சுமத்தியிருக்கிறேன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். படத்தில் புள்ளி புள்ளியாக வராமல் வழித்துத் துடைக்கிற வேலையை ஆகக்கூடுதலாக வைத்திருக்கிறேன், முகம் மெழுகிவிட்ட மாதிரி வர வேண்டுமே, இல்லாவிட்டால் பெண்ணின் அம்மா சண்டைக்கு வருவாள். ஒவ்வொரு படத்தையும் உட்கார்ந்து மெழுகிக்கொண்டிருந்தால் அடுத்த படத்தை யார் எடுப்பது. மணலில் விழுகிற பிள்ளைக்கு முகம் மெழுக வேண்டாம், அணைத்தேன். வெள்ளைக் கொடி, வெள்ளைக் கொடி, சிவப்பு. உயரமான ஒரு பிள்ளை தாண்டி எழுந்து மணலைத் தட்டாமலேயே நடந்து போகிறது, எவ்வளவு தூரம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள், காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. வடிவு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், என்னைப் பார்க்கவில்லை, பலகையையே பார்க்கிறாள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் இப்படித்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள், என்ன செய்கிறது என்று கேட்டாலும் சொல்லமாட்டாள், தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது தொட முடியாது, நடுவில் கயிறு கட்டியிருக்கிறார்கள். நான் பயந்துபோயிருக்கிறேன். அவள் தோற்றுவிடுவாள் என்றல்ல, தோற்ற பிறகு நான் சொல்லாமல் விட்டேன் என்று நினைப்பாளே, அதற்கு.

மிச்சம் இருப்பது அந்த இரண்டு கார்டு. எடுக்கிற ஒவ்வொரு படத்தையும் இரண்டு கார்டிலும் எழுது என்று இவர் வைத்திருக்கிறார், ஒன்று போனாலும் ஒன்று இருக்கும் என்று. முதல் கார்டு புதுசு, ஓடும். இரண்டாவது வீட்டில் கிடந்த பழைய கார்டு, அது எழுதி முடிக்கிற வரைக்கும் முதல் கார்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. கை வைக்காதே என்றார். கார்டைக் கழற்றவில்லை, அதில் எழுதாதே என்று மட்டும் சொன்னேன், நேற்றைய கல்யாணம் அது பாட்டுக்கு அங்கேயே இருக்கட்டும். இன்னொன்றும் தெரிந்தது, அதற்குக் கேமராவைக் குறை சொல்ல முடியாது. வடிவு முதல் எட்டு வைத்தபோதே நான் அமுக்க ஆரம்பித்திருக்கிறேன். பெற்றவள் அல்லவா, ஓடத் தொடங்கியதுமே விரல் இறங்கிவிட்டது. அவள் பலகைக்கு வருவதற்குள் கேமரா நிரம்பிவிட்டது, சரியாக மிதிக்கிற நேரத்தில் அது மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறது. கடைசி மூன்று எட்டுக்கு மட்டும் அமுக்கினால் போதும். ஆளைத் துரத்தித் துரத்திக் கேமரா போகஸ் மாற்றுகிற வேலையையும் அணைத்தேன், பலகையில் போகஸ் வைத்து அப்படியே நிறுத்தினேன். அடுத்த பிள்ளை வந்தது. தடதடவென்று பயறு கொட்டின மாதிரி ஓடியது. பார்த்தேன். குதிகால் பலகையில், பாதம் பலகையில், விரல்நுனி பலகையில். மூன்று படம், மூன்றும் தனித்தனியாக. எனக்குக் கண் கலங்கிவிட்டது, யாரோ ஒரு பிள்ளையின் பாதத்தைப் பார்த்து.

கலங்கின கண்ணைத் துடைக்கும்போதுதான் உறைத்தது. இதனால் என்ன பிரயோஜனம். வடிவு கேட்டது இரண்டாவது தாண்டல், அது போய்விட்டது. இனி இந்தக் கேமரா எவ்வளவு ஓடினாலும் மூன்றாவதைத்தான் எடுக்கும், மூன்றாவதோடு எல்லாம் முடிந்துவிடும். இவ்வளவு நேரம் எதற்குக் கிடந்து நோண்டினேன். கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்திருக்கிறது, அவ்வளவுதான். அடுத்து பேச்சித்தாய் ஓடி வந்தாள், வடிவோடு படிக்கிற பிள்ளை, அதே பள்ளிக்கூடத்தில் கொடுத்த அதே நீல ஷூ, அதே வெள்ளைக் காலுறை. அமுக்கினேன். சிவப்புக் கொடி. பார்த்தால் நீல ஷூவின் நுனி பலகை விளிம்புக்கு வெளியே மூன்று விரல் தள்ளி அழகாக நிற்கிறது. அந்த நடுவரை, முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து பார்க்கிற தொப்பிக்காரரை, காலையிலிருந்து மனதுக்குள் என்ன பாடு படுத்திவிட்டேன், கண் தெரியாத மனுஷன் என்று. மனுஷனுக்கு நன்றாகத்தான் தெரிகிறது. பேச்சியின் கால் தெரிந்தால் வடிவின் காலும் தெரிந்திருக்கும்தானே. காற்று எல்லோரையும் தள்ளுகிறது, வடிவையும் தள்ளியிருக்கும், அவள் வெளியேதான் மிதித்திருப்பாள். மிதித்திருப்பாள். எனக்கு ஏறக்குறைய நிச்சயமாகிவிட்டது.

வடிவு எழுந்து வந்துவிட்டாள். ஒலிபெருக்கியில் அவள் பெயரைச் சொல்லிவிட்டார்கள். “இருந்துச்சாம்மா?” என்றாள். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இல்லை என்றால் அவள் அடையாளத்தைத் தள்ளமாட்டாள், பழைய இடத்திலிருந்தே ஓடுவாள், தொப்பிக்காரர் குனிவார், சிவப்பு விழும், முடிச்சிட்டு வாங்க. என் கை திரையில் பேச்சியின் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தது, இடுப்பு போய், முட்டி போய், ஷூவும் பலகையும் மட்டும் தெரிகிற வரைக்கும். இது நான் தினமும் செய்கிற வேலை. குரூப் போட்டோவில் கண்ணை மூடிவிட்ட சித்தப்பாவுக்கு அடுத்த படத்திலிருந்து கண்ணை எடுத்து வைப்பேன். கல்யாணத்துக்கு முன்னால் செத்துப்போன அப்பாவை, பழைய படத்திலிருந்து எடுத்து, மகள் பக்கத்தில் பட்டு வேட்டியோடு நிறுத்துவேன். யாரும் பொய் என்று சொன்னதில்லை, அழுதுகொண்டே வாங்கிப் போவார்கள். “பாரு, மூணு வெரல் வெளிய” என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இருந்தது. வடிவு குனிந்து பார்த்தாள். அவள் மூச்சு திரையில் பட்டது. “சரி” என்றாள். அவ்வளவுதான், ஒரு கேள்வி இல்லை. ஓடிப்போய், அடையாளத்துக்குப் போட்டிருந்த செருப்பை எடுத்து, ஒரு ஷூ நீளம் அளந்து பின்னால் வைத்தாள். தோசையைப் புரட்டிப் பார்க்கிற பிள்ளை இதைப் புரட்டிப் பார்க்கவில்லை.

ஓடி வந்தாள். நான் காத்திருந்தேன், விரலை இறக்கவில்லை, கடைசி மூன்று எட்டு, அப்போது இறக்கினேன், கேமரா ஒரு இடத்திலும் இழுக்கவில்லை. தலையை நிமிர்த்தினபோது அவள் மணலில் இருந்தாள், தொப்பிக்காரர் நிமிர்ந்தார், வெள்ளைக் கொடி. யாரோ கத்தினார்கள், நானாகத்தான் இருக்கும். அளந்தார்கள், ஒலிபெருக்கியில் சொன்னார்கள், எட்டுப் பேரில் எட்டாவது பெயர் வடிவு. கடைசிதான், ஆனாலும் உள்ளே. இன்னும் மூன்று வாய்ப்பு. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சும்மா பார்க்கலாம் என்று படத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு எட்டும் துல்லியமாக விழுந்திருக்கிறது. மிதி இருக்கிறது. ஆனால் பலகையில் இல்லை. பலகைக்கு முன்னாலேயே, வெறும் தரையில், ஷூ நுனிக்கும் பலகைக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் இருக்கிறது. ஒரு ஷூ பின்னால் தள்ளினாள், அதனால் இங்கே விழுந்திருக்கிறது. தள்ளாமல் இருந்தால்? ஒரு ஷூவை முன்னால் நகர்த்திக் கணக்குப் போட்டேன், நுனி பலகை விளிம்போடு வந்து நிற்கிறது, வெளியே இல்லை. இரண்டாவது தாண்டலிலும் இப்படித்தான் விழுந்ததா, தொப்பிக்காரர் தப்பா, அல்லது இப்போது காற்று கொஞ்சம் அடங்கியதா. எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரிந்தது ஒன்றுதான், முன்னால் மிதித்தால் தப்பில்லை, ஆனால் பலகையின் விளிம்பிலிருந்துதான் அளப்பார்கள், இந்தத் தாண்டலில் அவளுக்குப் பலகை முழுக்க நஷ்டம், அதை அவளுக்கு நான் சொல்லியாக வேண்டும்.

வடிவு மணலோடு வந்தாள், சிரித்துக்கொண்டு, காட்டு காட்டு என்றாள். காட்டாமல் அடுத்த படத்துக்குத் தள்ளியிருக்கலாம், கார்டு நிரம்பிவிட்டது என்று சொல்லியிருக்கலாம், விரல் அதற்குத் தயாராகத்தான் இருந்தது. காட்டினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரிப்பு மெதுவாகத்தான் போனது. பலகையை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள், செருப்பு கிடந்த இடத்தைப் பார்த்தாள், அவளுக்கும் அந்தக் கணக்கு தெரியும், என்னைவிட நன்றாகத் தெரியும்.

“ஒரு ஷூதானம்மா தள்ளுனேன். அப்படின்னா பழைய எடத்துலருந்து மூணு வெரல் வெளிய எப்படிப் போகும்?”

காற்று பின்னால் இருந்த தகரக் கொட்டகையைத் தட்டியது. நான் திரையை அணைத்தேன்.

“மொதல்ல காட்டுனது யாரு காலு?”

“பேச்சி காலு” என்றேன்.

பேச்சி அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள், அவளுக்கு மூன்றும் சிவப்பு. வடிவு அவளைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள், பெரிய மனுஷி ஒருத்தி சின்னப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி இருந்தது, எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது. ஒலிபெருக்கியில் எட்டுப் பேரையும் கூப்பிட்டார்கள். எட்டாவது ஆள் என்பதால் இனி அவள்தான் முதலில் ஓட வேண்டும்.

“இன்னும் மூணு இருக்கு” என்றாள். “என் கால மட்டும் எடு. விழுந்திருந்தா காட்டு. விழலன்னா விழலன்னு சொல்லு, நான் பாத்துக்கிடுதேன்.”

போய்ச் செருப்பை எடுத்தாள். எவ்வளவு முன்னால் வைத்தாள் என்று நான் பார்க்கவில்லை, அதை அவள் யாரிடமும் கேட்கவும் இல்லை. நான் கேமராவைப் பலகையில் வைத்துக் குனிந்தேன்.